சாலைப் புழுதியில் கன உலோகம்: துடைப்பம் முதல் ஆபத்துக் கணக்கு வரை

ஒரே தெரு, ஒரே நாள், ஒரே பை. அந்தப் புழுதியை 2 மி.மீ. சல்லடையில் சலித்து அளந்தால் ஈயம் ஓர் அளவு வரும். அதையே 63 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) சல்லடையில் சலித்து அளந்தால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக வரும். மணலும் சரளையும் எடையைக் கூட்டுமே தவிர, அவற்றில் உலோகம் குறைவு. அது பெரும்பகுதி நுண்துகளில்தான் குடியிருக்கிறது. அதனால் அறிக்கையில் 'ஈயம் 180' என்று மொட்டையாக எழுதினால் ஒன்றும் விளங்காது. எந்த அளவுத் துகள், எந்த அமிலம், யார் உடலுக்குள் போகும் கணக்கு என்ற மூன்றும் கூடவே வர வேண்டும். பலரும் அளக்கும் கருவியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் துடைப்பமும் சல்லடையும்தான்.

எதைத் தேடுவது

புழுதியைத் தொடும் முன் அதில் எது இருக்கலாம் என்று ஒரு கணிப்பு வேண்டும். டயர் ரப்பரை வல்கனைஸ் செய்ய, அதாவது கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கத், துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். டயரின் மேல்ரப்பரில் எடைக்குச் சுமார் ஒரு சதவீதம் துத்தநாகம் இருக்கும். சாலையோரத் தடுப்பு வேலியின் துத்தநாகப் பூச்சும் கரைந்து இதோடு சேரும். துத்தநாகம் இருக்கும் இடத்தில் காட்மியமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பிரேக் பேடிலிருந்து செம்பு, ஆன்டிமனி, பேரியம் மூன்றும் உதிர்கின்றன. செம்பும் ஆன்டிமனியும் சேர்ந்து ஏறினால் பிரேக் தேய்மானம் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். வண்டிப் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியிலிருந்து பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் வரும். அவை மிகச் சொற்ப அளவு என்பதால் சாதாரண ஆய்வில் விட்டுவிடலாம்.

ஈயத்தின் கதை வேறு. ஈயம் கலந்த பெட்ரோல் வாகனங்களுக்கு விற்கப்படுவது 2021-ல் அல்ஜீரியாவோடு உலகம் முழுக்க நின்றுவிட்டது. ஆனால் பல பத்தாண்டுகளாகப் படிந்த ஈயம் சாலையோர மண்ணில் அப்படியே கிடக்கிறது. காற்றடித்தால் மீண்டும் சாலைக்கு வருகிறது. இதுபோக, சக்கரத்தை பேலன்ஸ் செய்ய ரிம்மில் பொருத்தும் ஈயக் கட்டிகள் கழன்று விழுந்து வண்டிகளுக்கு அடியில் அரைபடும். பழைய சுவர்ப் பெயிண்ட், பேட்டரி உடைக்கும் இடம், மஞ்சள் சாலைக்கோடு ஆகியவையும் உண்டு. மஞ்சள் பெயிண்டில் ஈயக் குரோமேட் இருந்தால் அதைப் பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தச் சேர்மத்தில் ஈயத்தின் எடை குரோமியத்தைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு. மண்ணில் இயல்பாக உள்ள அளவுகளைக் கழித்த பிறகு, மாதிரிக்கு மாதிரி இரண்டும் 4-க்கு 1 என்றே ஏறி இறங்கினால் புழுதியில் பெயிண்ட் செதில் இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள், மஞ்சள் பொடியே கண்ணில் படும்.

கூட்டி அள்ளுதல்

தேவையானவை: நைலான் இழைத் துடைப்பம், பிளாஸ்டிக் முறம், ஜிப் வைத்த பாலித்தீன் பைகள், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவெடுக்க ஒரு கயிறு, நோட்டுப் புத்தகம். உலோகக் கைப்பிடி, தகர முறம், பித்தளைக் கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பித்தளை என்றாலே செம்பும் துத்தநாகமும்தான். நீங்கள் தேடும் பொருளை நீங்களே போட்டது மாதிரி ஆகிவிடும். உங்கள் மூக்குக்கு என்95 முகக்கவசம், முதுகுக்கு ஒளிரும் மேலங்கி.

மழை ஓய்ந்து குறைந்தது ஏழு நாளாவது வறண்டிருக்க வேண்டும். மழை நுண்துகளைத்தான் முதலில் அடித்துக்கொண்டு போகும். மறுநாளே போனால் கரடுமுரடு மணல்தான் கிடைக்கும். கடைசி மழை என்று பெய்தது, சாலை கடைசியாக எப்போது கூட்டப்பட்டது என்ற இரண்டையும் எழுதி வையுங்கள். இந்த இரண்டு குறிப்பும் இல்லாத மாதிரியை வேறொரு மாதத்து மாதிரியோடு ஒப்பிட முடியாது.

சாலையின் நடுவில் புழுதி தங்காது. வண்டிக் காற்று அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஓரக்கல்லை ஒட்டிய அரை மீட்டர் அகலத்தில்தான் அது குவியும். ஐம்பது மீட்டர் நீளத்துக்குள் ஐந்து இடங்களில் கூட்டி ஒரே பையில் கலந்தால் ஒரு மாதிரி. மொத்தம் 300 முதல் 500 கிராம் வரை வேண்டும். அதிகமாகத் தோன்றும், ஆனால் 63 மைக்ரானில் சலித்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகும் தெருக்கள் நிறைய. காற்று வீசும்போது கூட்டாதீர்கள். துடைப்பத்தை வீசாமல், முறத்தை நோக்கிக் குறுகக் குறுக இழுங்கள். மேலே புகைபோலக் கிளம்புவதுதான் உங்களுக்கு வேண்டிய பகுதி. அடுத்த இடத்துக்கு வேறு துடைப்பம் எடுங்கள். இல்லையென்றால் பழையதைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, காயவைத்துக் கொண்டு போங்கள்.

ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் புழுதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈயம் கிலோவுக்கு 100 மி.கி. மட்டுமே உள்ள தெருவில் புழுதி ஐந்து மடங்கு கிடந்தால், 300 மி.கி. உள்ள சுத்தமான தெருவைவிட அங்கே கைக்கும் காலுக்கும் எட்டும் ஈயம் அதிகம். இந்தப் பரப்பளவுக் கணக்குத் துல்லியமாக வேண்டுமென்றால் துடைப்பம் போதாது. தார்ச்சாலையின் சொரசொரப்புக்குள் நுண்துகள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க நுண்வடிகட்டி உள்ள வாக்குவம்தான் வேண்டும்.

சிக்னல், பள்ளி வாசல், பேருந்து நிற்குமிடம், உள்தெரு ஆகியவற்றைத் தனித்தனி மாதிரியாக வையுங்கள். நகரம் முழுக்க ஒரே சராசரி எடுத்தால் சிக்னலில் உள்ள செம்பு கரைந்துபோகும். ஒப்பீட்டுக்குச் சாலையை விட்டுத் தள்ளி, அதே மண்வகையில், 30 செ.மீ. ஆழத்துக்குக் கீழிருந்து குறைந்தது ஐந்தாறு மண் மாதிரிகளும் எடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விடுவதால் வரும் வினையைக் கீழே பார்க்கலாம்.

உலர்த்துதல், சலித்தல்

40 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 105 டிகிரியில் வைத்தால் பாதரசம் ஆவியாகிவிடும். ஈரப்பதத் திருத்தத்துக்குத் தனியாக ஒரு சிறு பகுதியை மட்டும் 105-ல் காயவைத்தால் போதும். பிறகு இலை, சிகரெட் துண்டு, கல் ஆகியவற்றைக் கழிக்க 2 மி.மீ. சல்லடை.

இதற்கு அடுத்த படியில்தான் அதிகப் பிழை. கட்டியாக இருக்கிறதே என்று உரலில் போட்டு அரைத்துவிட்டுச் சலிக்கிறார்கள். பெரிய மணல் உடைந்து நுண்துகளோடு கலந்து உலோக அளவைக் குறைத்துக் காட்டும். சலிப்பதற்கு முன் விரலால் நசுக்கினால் உதிரும் கட்டியை மட்டும் உதிர்த்தால் போதும். அரைக்கும் வேலை சலித்த பிறகுதான். காந்தத்தை வைத்து இரும்புத்தூளை எடுத்து எறிவதும் ஒரு வழக்கம். அப்படி எறியும் தூளில் பிரேக்கிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் தேய்ந்து வந்த குரோமியமும் நிக்கலும் சேர்ந்தே போய்விடும்.

சல்லடை நைலான் வலையாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் விடும். எஃகுச் சல்லடை குரோமியத்தையும் நிக்கலையும் விடும். சுத்தமான குவார்ட்ஸ் மணலைச் சலித்து, அதையும் ஒரு மாதிரியாக அளந்து பார்த்தால் சல்லடையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எந்த மைக்ரான்? வாய்வழி ஆபத்துதான் கேள்வி என்றால் 150 மைக்ரானுக்குக் கீழ். கையில் ஒட்டும் துகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் ஈயம் படிந்த மண்ணுக்குப் பரிந்துரைத்ததும் இதைத்தான். பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் 63. இரண்டையும் செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் 150-ஐ எடுங்கள்.

அமிலத்தில் கரைத்தல்

வழக்கமான முறை: 0.5 கிராம் புழுதி, 9 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம், 3 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடிய மைக்ரோவேவ் கலத்தில் ஐந்தரை நிமிடத்தில் 175 டிகிரிக்கு ஏற்றி, மொத்தம் பத்து நிமிடம் ஆகும்வரை அங்கேயே வைக்க வேண்டும். ரப்பரும் தாரும் கலந்த புழுதி அமிலத்தைக் கண்டதும் நுரைக்கும். கலத்தை உடனே மூடினால் அழுத்தம் எகிறி மூடி திறந்துகொள்ளும், மாதிரியும் போய்விடும். அமிலப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்குள் திறந்தபடி இருபது நிமிடமாவது விட்டு, நுரை அடங்கிய பின் மூடுங்கள். அப்படியும் பொங்கினால் 0.25 கிராமாகக் குறையுங்கள்.

குளிர்ந்ததும் வடிகட்டி 50 மி.லி.-க்கு நீர்த்துக்கொள்ளுங்கள். 0.5 கிராம், 50 மி.லி. என்றால் பெருக்கும் எண் 100. கரைசலில் லிட்டருக்கு 1.8 மி.கி. ஈயம் என்றால் புழுதியில் கிலோவுக்கு 180 மி.கி. அடியில் வெள்ளையாக மணல் மிஞ்சும். பதற வேண்டாம், அது சிலிகேட். இந்த அமிலக் கலவை அதற்குள் போகாது. அதனால் குரோமியம் உண்மையைவிடக் குறைவாக வருவது இயல்பு. முழுவதும் கரைய ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். ஆனால் அது தோல் வழியே ஊடுருவி எலும்பு வரை அரிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஆரோக்கிய ஆபத்துக் கணக்குக்கு அது தேவையும் இல்லை. வயிற்றில் கரையாத பாறைக்குள் இருக்கும் உலோகம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

அளவிடும்போது ஏமாற்றுபவை

கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறையை வைத்து உலோகங்களைப் பிரித்தறியும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்செனிக் அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரினும் கருவியின் ஆர்கான் வாயுவும் சேர்ந்து நிறை எண் 75 உள்ள அயனியை உண்டாக்கும். ஆர்செனிக்கின் நிறை எண்ணும் 75. இத்தகைய போலி அயனிகளைத் தடுக்கும் ஹீலியம் மோதல் கலத்தைப் பயன்படுத்தாவிட்டால் இல்லாத ஆர்செனிக் வந்து நிற்கும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, உலோகம் திருப்பி உமிழும் கதிரின் ஆற்றலை (கோடு) வைத்து அளக்கும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியிலும் இதே உலோகத்தில்தான் வேறொரு வலை. ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஈயத்தின் கோடு 10.55. ஈயம் நிறைய உள்ள புழுதியில் அந்தக் கருவி காட்டும் ஆர்செனிக்கை நம்ப வேண்டாம். ஈயத்துக்கு மட்டும் 12.6-ல் உள்ள அதன் மற்றொரு கோட்டை வைத்து வாசித்தால் அதன் கணக்குச் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் புழுதி போடாத வெற்று அமிலக் கலம் ஒன்று, பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி (ஒரே புழுதியை இருமுறை அளப்பது), உலோக அளவு சான்றளிக்கப்பட்ட மண் அல்லது தூசி மாதிரி ஒன்று இருக்க வேண்டும். சான்று மாதிரியின் மீட்சி (சான்றளவில் நீங்கள் கண்ட பங்கு) 80 முதல் 120 சதவீதத்துக்குள் வராத உலோகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: சான்றிதழில் மொத்த அளவும் இருக்கும், அமிலத்தில் கரையும் அளவும் தனியே இருக்கலாம். உங்கள் குரோமியத்தை மொத்த அளவோடு ஒப்பிட்டுவிட்டு 'மீட்சி போதவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

மாசுக் குறியீடு

புவிச்சேர்க்கைக் குறியீடு என்பதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். புழுதியில் உள்ள அளவை, பின்னணி மண்ணின் (சாலையை விட்டுத் தள்ளி ஆழத்தில் எடுத்த மண்) அளவைப் போல் ஒன்றரை மடங்கால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுக்க வேண்டும். கால்குலேட்டரில் பத்தடிமான மடக்கையைப் போட்டு 0.301-ஆல் வகுத்தால் அதே விடை. ஈயம் 180, பின்னணி 20 என்று வைத்துக்கொள்வோம்: 180-ஐ 30-ஆல் வகுத்தால் 6, குறியீடு 2.58. இது 'மிதம் முதல் கடுமை வரை' என்ற வகுப்பு. பின்னணி 40 என்றால் 1.58, ஒரு வகுப்புக் கீழே இறங்கிவிட்டது. புழுதி மாறவே இல்லை. பூமியின் மேலோட்டுச் சராசரியான 17-ஐப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டால் 2.82 ஆகிறது. இதனால்தான் ஆழத்து மண்ணை நீங்களே எடுத்து அளக்கச் சொன்னது. குறியீடு எவ்வளவு ஏறினாலும் அது உடல்நல ஆபத்தைச் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு வேறு கணக்கு.

உடல்நல ஆபத்துக் கணக்கு

புழுதி உடலுக்குள் போக மூன்று வழி: வாய், மூச்சு, தோல். வாய்வழிக்கு:

தினசரி உட்கொள்ளல் = உலோக அளவு × ஒரு நாளில் விழுங்கும் புழுதி × ஆண்டில் எத்தனை நாள் × எத்தனை ஆண்டு × 10⁻⁶ ÷ (உடல் எடை × சராசரி நாள்கள்)

10⁻⁶ எதற்கென்றால், விழுங்கும் புழுதி மில்லிகிராமில், உலோகம் கிலோகிராமுக்கு. இதை விட்டுவிட்டு விடை பத்து லட்சம் மடங்கு எகிறி நிற்பது அடிக்கடி நடக்கும். குழந்தைக்கு வழக்கமாகப் போடும் எண்கள்: 200 மி.கி. புழுதி, 180 நாள், 6 ஆண்டு, 15 கிலோ எடை, சராசரி நாள்கள் (உட்கொள்ளலைப் பகிர்ந்து கணக்கிடும் மொத்த நாள்கள்) 6 × 365 = 2190. ஈயம் 180 என்றால் விடை ஒரு நாளைக்கு, கிலோ எடைக்கு, 0.00118 மி.கி.

மூச்சுக்கு, நாளொன்றுக்கு 7.6 கன மீட்டர் காற்றும், துகள் எழும்பும் காரணியாக (ஒரு கிலோ புழுதி எத்தனை கன மீட்டர் காற்றில் கலந்திருக்கும் என்ற எண்) 1.36 × 10⁹ கன மீட்டர்/கி.கி.-யும் போட்டால் 3.3 × 10⁻⁸ வரும். தோலுக்கு 2800 சதுர செ.மீ. பரப்பு, ஒட்டும் அளவு சதுர செ.மீ.-க்கு 0.2 மி.கி., உறிஞ்சும் பங்கு 0.001 என்று போட்டால் 3.3 × 10⁻⁶. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய்வழி, தோலைப் போல் சுமார் 360 மடங்கு. மூச்சைப் போல் சுமார் 36,000 மடங்கு. சாலைப் புழுதி என்றதும் முகக்கவசம்தான் நினைவுக்கு வருகிறது. தரையில் விளையாடிவிட்டு விரல் சூப்பும் குழந்தைக்கு அதனால் பயன் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் துகள் காரணி திறந்த நிலத்தில் காற்று கிளப்பும் தூசிக்கானது. கனரக வண்டி ஓடும் சாலையோரம் நாள் முழுக்க நிற்பவருக்கு அது மூச்சு வழியைக் குறைத்துக் காட்டும். அவர்களுக்குக் காற்றில் 10 மைக்ரானுக்குக் கீழுள்ள துகளை நேரடியாக அளந்து கணக்கிடுவதே சரி.

பிறகு ஒவ்வொரு உலோகத்தின் உட்கொள்ளலையும் அதன் பாதுகாப்பு வரையளவால் வகுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் கவலைக்குரியது என்று பொருள். ஈயத்துக்கு 0.0035 என்ற வரையளவு கட்டுரைக்குக் கட்டுரை நகலாகி வருகிறது. அதை வைத்தால் மேலே உள்ள புழுதிக்கு 0.34; 'பாதுகாப்பானது' என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த எண்ணின் அடித்தளம், வாரத்துக்கு கிலோ எடைக்கு 25 மைக்ரோகிராம் என்ற பழைய உலகளாவிய வரம்பு. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் நடத்தும் உணவுச் சேர்மானங்களுக்கான கூட்டு நிபுணர் குழு 2010-லேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. எனவே ஈயத்தை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். குழந்தையின் ரத்த ஈயத்தைக் கணிக்கும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அமெரிக்க முகமை அதை இலவசமாகவே தருகிறது. அதே முகமை குடியிருப்பு மண்ணின் ஈயத்துக்கான சோதனை அளவை 2024-ல் 400-லிருந்து 200 மி.கி./கி.கி.-ஆகக் குறைத்தது. 180 அதற்கு மிக அருகில் நிற்கிறது.

குரோமியத்தில் பிழை எதிர்ப்பக்கம். கருவி அளப்பது மொத்தக் குரோமியம். நச்சு அதிகம் உள்ள ஆறிணைதிறன் (Cr⁶⁺) வடிவம் அதில் ஒரு பகுதிதான். மூவிணைதிறன் (Cr³⁺) வடிவம் அவ்வளவு தீங்கானது அல்ல. மொத்தத்தையும் ஆறிணைதிறன் என்று எடுத்துக்கொண்டு புற்றுநோய் ஆபத்தைக் கணக்கிட்டு ஊரைப் பயமுறுத்தும் அறிக்கைகள் ஏராளம். ஆறிணைதிறனைத் தனியே அளங்கள். முடியாவிட்டால், என்ன பங்கு என்று வைத்துக்கொண்டீர்கள் என்பதை அட்டவணைக்கு அடியிலேயே எழுதுங்கள். புற்றுநோய்க் கணக்கில் சராசரி நாள்கள் 70 × 365 என்று மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். 10⁻⁶-லிருந்து 10⁻⁴ வரை வழக்கமாக ஏற்கப்படும் எல்லை.

கையில் கொஞ்சம் பணமும் நேரமும் இருந்தால் செய்ய வேண்டிய ஒரே கூடுதல் சோதனை, செயற்கை இரைப்பைச் சோதனை. 150 மைக்ரானுக்குக் கீழுள்ள புழுதி 1 கிராம், காரகாடித்தன்மை (pH) 1.5 உள்ள 0.4 மோலார் கிளைசின் கரைசல் 100 மி.லி., 37 டிகிரி, நிமிடத்துக்கு 30 தடவை தலைகீழாகச் சுழற்றி ஒரு மணி நேரம். சோதனை முடிவிலும் காரகாடித்தன்மையை அளக்க வேண்டும். சிமெண்ட் தூள் கலந்த புழுதி அமிலத்தை முறித்துவிடும். அரை அலகுக்கு மேல் ஏறியிருந்தால் அந்தச் சோதனை செல்லாது. கரைந்து வந்த ஈயம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் விடை. இரண்டு தெருவிலும் ஈயம் 180-ஆக இருந்தாலும் ஒன்றில் 30 சதவீதம், மற்றதில் 80 சதவீதம் கரையலாம். முதலில் கவனிக்க வேண்டிய தெரு எது என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

அளந்த பிறகு

விளக்குமாற்றால் உலரக் கூட்டுவது கூடாது. நுண்துகள் எழும்பி இரண்டு வீடு தள்ளிப் படியும். தண்ணீர் தெளித்து ஈரமாகக் கூட்டி, அள்ளியதை மூடிய பையில் கட்டுங்கள். சாக்கடையில் தள்ளினால் உலோகம் இடம் மாறுகிறதே ஒழியப் போவதில்லை. வீட்டுக்குள் செருப்பு வேண்டாம். தரையை உலரப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஜன்னல் விளிம்பையும் துடைக்க மறக்காதீர்கள், தெருப் புழுதி முதலில் தங்குவது அங்கேதான். குழந்தையின் கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும் என்பதால் வேளாவேளைக்குச் சாப்பாடும், அதில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமலும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவதே நேர்வழி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் குழந்தைகளுக்கு வைத்த ஒப்பீட்டு அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் கூடுதலாக வந்தால், விரலில் இருந்த புழுதியே கலந்திருக்கலாம். கையிலுள்ள சிரையிலிருந்து (ரத்தக்குழாய்) எடுத்து இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சாலையைச் சுத்தம் செய்த பின் மீண்டும் அளக்கும்போது அதே இடம், அதே சல்லடை, அதே எண்ணிக்கையில் வறண்ட நாள்கள். கிலோவுக்கு எத்தனை மி.கி. என்பது அவ்வளவாகக் குறைந்திருக்காது, சில சமயம் ஏறியும் இருக்கும். இயந்திரத் துடைப்பம் மணலை அள்ளிவிட்டு நுண்துகளை விட்டுப்போயிருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை மி.கி. என்ற கணக்கைப் பாருங்கள். சுத்தம் நடந்ததா என்பதை அந்த எண்தான் சொல்லும்.